ஏழு இடிஎஃப் வைத்திருந்தால் முதலீடு பரவலாகிவிட்டதா?

ஓசூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தனிப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் திறமையோ நேரமோ எனக்கு இல்லை என்பதை இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்ட பிறகு, நான்கு ஆண்டுகளாக இடிஎஃப்களில் (ஒரு குறியீட்டையோ தங்கத்தின் விலையையோ பின்பற்றும், பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்டுகளில்) மட்டுமே பணம் போட்டு வருகிறேன்.

இதுவரை போட்டது 12 லட்சம் ரூபாய். அதில் நிஃப்டி 50 இடிஎஃப்பில் 4 லட்சம், வங்கித் துறை இடிஎஃப்பில் இரண்டரை லட்சம், சென்செக்ஸ் இடிஎஃப்பில் ஒன்றரை லட்சம், ஐடி துறையில் ஒன்றரை லட்சம், லோ வாலட்டிலிட்டி (ஏற்ற இறக்கம் குறைந்த பெரிய நிறுவனப் பங்குகள்) இடிஎஃப்பில் ஒரு லட்சம், அமெரிக்கக் குறியீடு ஒன்றைப் பின்பற்றும் இடிஎஃப்பில் ஒரு லட்சம், தங்கத்தில் ஐம்பதாயிரம்.

ஏழு வகை இருப்பதால் முதலீட்டைப் போதுமான அளவு பிரித்து வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். சென்ற வாரம் சந்தை இறங்கிய ஒரு நாளில் செயலியைத் திறந்தபோது, ஏழில் ஐந்து ஏறத்தாழ ஒரே அளவில் சிவப்பாக நின்றன. அப்போதுதான் சந்தேகம் வந்தது. இன்னும் இரண்டு மூன்று வகைகளைச் சேர்க்க வேண்டுமா, அல்லது வேறெங்காவது தவறு இருக்கிறதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு:

நண்பரே, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இடிஎஃப்பின் பெயரையும், வலப்பக்கம் அதற்குள் இருக்கும் முதல் பத்துப் பங்குகளையும் எழுதுங்கள். ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் அந்த விவரம் இருக்கிறது. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் ஒரே வங்கியின் பெயரை மூன்று முறை எழுதியிருப்பீர்கள்.

சென்செக்ஸின் 30 நிறுவனங்கள் ஏறத்தாழ முழுவதுமாக நிஃப்டி 50க்குள் அடங்கிவிடுகின்றன. நிஃப்டியிலேயே மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான். ஆகவே நிஃப்டியில் நீங்கள் போட்ட 4 லட்சத்தில் சுமார் 1.3 லட்சம், சென்செக்ஸில் போட்டதில் குறைந்தது அரை லட்சம், வங்கி இடிஎஃப்பின் இரண்டரை லட்சம் என்று கூட்டினால், வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் 4.3 லட்சம் இருக்கிறது. ஒரே துறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க வேண்டும் என்று நீங்கள் யோசித்து முடிவு செய்திருந்தால் அது வேறு விஷயம். அப்படித் தெரியவில்லை.

12 லட்சத்தில் பத்தரை லட்சம் இந்தியாவின் பெரிய நிறுவனங்களின் பங்குகள். அது கிட்டத்தட்ட 88 சதவீதம். மிச்சம் இருப்பது அமெரிக்காவும் ஒரு சிட்டிகைத் தங்கமும். எட்டாவது, ஒன்பதாவது இடிஎஃப் வாங்குவதால் இந்த நிலை மாறாது. பங்கு இறங்கும்போது கூடவே இறங்காத ஏதாவது உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

பழைய காசாளர்:

நான் பொதுத்துறை வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். இந்தியாவின் முதல் இடிஎஃப்பான நிஃப்டி பீஸை 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் கொண்டுவந்தபோது எங்கள் கிளையில் அதைப் பற்றிக் கேட்டவர் எவரும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன். அன்று முதல் சிறுகச் சிறுக வாங்கி வந்திருக்கிறேன். எனவே பின்வருவது படித்துச் சொல்வதன்று, பட்டுச் சொல்வது.

2008 ஜனவரியில் 6,300ஐத் தாண்டிய நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் 2,300க்கும் கீழே போனது. என்னிடம் இருந்தது ஐம்பது நிறுவனங்களின் பங்கு. ஐம்பதும் சேர்ந்தே விழுந்தன. எந்த நிறுவனமும் திவாலாகி என் பணம் அடியோடு போய்விடவில்லை என்ற அளவில் இடிஎஃப் தன் வேலையைச் செய்தது. ஆனால் சந்தையே விழும்போது காப்பாற்றும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அந்த ஆண்டு ரூபாய் மதிப்பில் ஏறியது தங்கம். வட்டி தந்துகொண்டிருந்தது வைப்புத்தொகை.

ஓசூர் நண்பருக்கு ஒரு கேள்வி. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610இல் முடிந்தது. அன்று உங்களிடம் இந்த 12 லட்சம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்துப் பதில் சொல்லுங்கள். எத்தனை சதவீதம் பங்கில் வைக்கலாம் என்பதற்கான விடை அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

ஓசூர்க்காரன்:

நேர்மையாகச் சொன்னால், பாதியையாவது விற்றிருப்பேன் ஐயா. அன்று நான் சந்தையில் இல்லாததுதான் என் அதிர்ஷ்டம்.

பேரேடு அவர்கள் சொன்ன தாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அமெரிக்க இடிஎஃப்பை ஒரு நாள் காலை 9.16 மணிக்கு, அப்போது கிடைக்கும் விலைக்கே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு 500 யூனிட் வாங்கினேன். யூனிட் 200 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். இரவு அதே இடிஎஃப்பின் என்ஏவியைப் பார்த்தால் 178 ரூபாய் என்று இருந்தது. ஏதோ பழைய தேதியின் கணக்கு என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த அமெரிக்கக் குறியீடு நான் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நின்றது. டாலரின் விலையிலும் பெரிய மாற்றம் இல்லை. என் யூனிட்டின் விலை மட்டும் 183. குறியீடு அசையாதபோது எனக்கு மட்டும் எட்டரை சதவீதம் எப்படிக் குறைந்தது?

சந்தைமணி:

சென்னையில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் டீலராக இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் இரண்டு முறையாவது தொலைபேசியில் வருகிறது. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடிஎஃப்புக்கு இரண்டு விலைகள் உண்டு. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பை யூனிட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது என்ஏவி. சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொள்வது இன்னொரு விலை. இந்த இரண்டையும் அருகருகே வைத்திருப்பது மார்க்கெட் மேக்கர்களின் வேலை. யூனிட்டின் விலை என்ஏவியை விட ஏறினால், அவர்கள் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி, ஃபண்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்துப் புதிய யூனிட்களைப் பெற்றுச் சந்தையில் விற்பார்கள். வரத்து கூடியதும் விலை இறங்கிவிடும். விலை என்ஏவிக்குக் கீழே போனால், சந்தையில் யூனிட்களை வாங்கித் திருப்பிக் கொடுத்துப் பங்குகளைப் பெறுவார்கள். ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்கள் இருக்க வேண்டும் என்பது சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதி. நிஃப்டி போன்ற குறியீடுகளில் இந்த ஏற்பாடு வேலை செய்வதை நாம் உணர்வதே இல்லை, சில பைசாக்களுக்கு மேல் வித்தியாசம் வராது.

வெளிநாட்டு இடிஎஃப்பில் இந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதற்கும் சேர்த்து வெளிநாட்டு முதலீட்டுக்கு 700 கோடி டாலர், வெளிநாட்டு இடிஎஃப்களை வாங்குவதற்குத் தனியாக 100 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் முதல் வரம்பு நிரம்பும் நிலைக்கு வந்ததும் புதுப் பணம் வாங்க வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் இரண்டாவது வரம்புக்கும் அதே கதை நடந்தது. வெளியே அனுப்ப வழியில்லாதபோது புதிய யூனிட்களை உருவாக்கவும் வழியில்லை. இருக்கும் யூனிட்களைத்தான் நமக்குள் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேருந்தின் எண்ணிக்கை கூடாது, கூட்டம் மட்டும் கூடும், டிக்கெட் விலை என்னவாகும் என்பது தெரிந்ததே. நீங்கள் 178 ரூபாய்ச் சொத்துக்கு 200 கொடுத்தீர்கள். அதாவது முதல் நாளிலேயே 11,000 ரூபாயைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு கூட்டம் கொஞ்சம் கலைந்தது, கூடுதல் விலை 12 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கியது. குறியீடு உங்களுக்குத் துரோகம் செய்யவில்லை.

உள்நாட்டிலும் இது நடக்கும். 2025 அக்டோபரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெள்ளி இடிஎஃப்கள் உள்ளே இருந்த வெள்ளியின் மதிப்பைவிடக் கணிசமாகக் கூடுதல் விலையில் கைமாறின. சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்டுகளில் (வெள்ளி இடிஎஃப்பை வாங்கி வைக்கும் ஃபண்டுகளில்) மொத்தமாகப் பணம் போடுவதையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. தீபாவளி நேரத்தில் அவசரமாக வாங்கிய பலர் அந்தக் கூடுதல் விலையையும் சேர்த்தே வாங்கினார்கள்.

ஆகவே ஐ-என்ஏவி, அதாவது அந்த நேரத்து உத்தேச என்ஏவி, என்னவென்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் அது வர்த்தக நேரம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். பங்கு இடிஎஃப்களுக்கு 15 விநாடிக்கு மேல் தாமதம் இருக்கக் கூடாது என்று 2022இல் செபி விதித்திருக்கிறது. சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரத்தில் ஆர்டர் போடாதீர்கள். மார்க்கெட் ஆர்டர் என்ற பொத்தான் இருப்பதையே மறந்துவிட்டு, ஐ-என்ஏவிக்கு நெருக்கமாக, இந்த விலைக்கு மேல் வாங்காதே என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

வைகைக்கரை:

சந்தைமணி சார் விளக்கியது மிகத் தெளிவு. ஆனால் அதைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. மாதச் சம்பளத்தில் பத்தாயிரம் ரூபாய் போடும் ஒருவர் எதற்காக இந்த வேலையையெல்லாம் செய்ய வேண்டும்? அதே நிஃப்டியைப் பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரே தொகை) போட்டால், சந்தையில் வாங்காமல் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்தே என்ஏவி விலையில் யூனிட் கிடைக்கும். ஐ-என்ஏவி பார்க்க வேண்டாம், டிமேட் கணக்கு வேண்டாம், வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்க வேண்டாம்.

செலவு குறைவு என்பதுதான் இடிஎஃப்புக்காகச் சொல்லப்படும் பெரிய வாதம். நிஃப்டி பீஸின் செலவு விகிதம் 0.04 சதவீதம். ஒரு நல்ல இன்டெக்ஸ் ஃபண்டை இடைத்தரகர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் பிளானில் 0.2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 40 ரூபாய்க்குப் பதில் 200 ரூபாய். இந்த 160 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தில் நூறு ரூபாயையும், விற்கும்போது ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் பதினைந்து இருபது ரூபாய் டிமேட் கட்டணத்தையும் விடுகிறோம். ஓசூர் சகோதரர் ஒரே காலையில் 11,000 ரூபாயை விட்டிருக்கிறார். அவர் இன்டெக்ஸ் ஃபண்டுக்கு எத்தனை ஆண்டுகள் கட்டணம் கட்டியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

சந்தைமணி:

சகோதரியின் கணக்கில் தவறு இல்லை. மாதம் பத்தாயிரம், நிஃப்டி என்றால் நானும் இன்டெக்ஸ் ஃபண்டையே சொல்வேன். பெரிய தொகையாக வாங்கிப் பத்து ஆண்டுகள் தொடாமல் வைப்பவருக்கு 0.16 சதவீதம் சேர்ந்துகொண்டே போகும் என்பதையும், தங்கத்தைப் பொறுத்தவரை ஃபண்ட் வழியாகப் போனாலும் அந்தப் பணம் கடைசியில் ஒரு தங்க இடிஎஃப்பில்தான் சேர்கிறது என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

தஞ்சை ஆசிரியை:

தங்கம் என்றதும் எழுதத் தோன்றியது. இருபது ஆண்டுகளாக நகைச் சீட்டுக் கட்டியவள் நான். பதினோரு மாதம் கட்டி, கடைசியில் நகையாகத்தான் வாங்க வேண்டும். செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. திரும்ப விற்கப் போனால் இவற்றில் ஒன்றும் திரும்பி வராது. அரசின் தங்கப் பத்திரம் எல்லாவற்றையும்விட மேலாக இருந்தது, ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் வட்டியும் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடே இல்லை. அதனால் தங்க இடிஎஃப்புக்கு மாறினேன். நான் வைத்திருப்பதில் ஒரு யூனிட் ஏறத்தாழ ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. சம்பள நாளில் மிச்சம் இருப்பதற்கு ஏற்ப வாங்க முடிகிறது.

ஒன்றை மட்டும் ஓசூர்த் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் தங்கத்தின் விலைக்குள் உலக விலை, டாலரின் விலை, இறக்குமதி வரி ஆகிய மூன்றும் இருக்கின்றன. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, உலகச் சந்தையில் பெரிய அசைவு இல்லாமலேயே இங்கே விலை சரிந்தது. நான் அதற்கு முந்தைய வாரம்தான் கூடுதலாக வாங்கியிருந்தேன். தங்கம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பி அதிலேயே பாதியைப் போட்டுவிடாதீர்கள். நான் 12 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் இருக்கும் நகையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதில் எனக்கும் என் கணவருக்கும் இன்னும் வழக்கு ஓடுகிறது.

பேரேடு:

டீச்சர், சந்தை விழுந்த நாளில் அந்த நகையை விற்றுப் பங்கு வாங்க உங்கள் வீட்டில் சம்மதிப்பார்கள் என்றால் சேருங்கள். என் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாடு கிடைக்காது. ஆகவே நான் சேர்ப்பதில்லை.

உட்லண்ட்ஸ்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கிருப்பவர்களுக்கு வெளிநாட்டு இடிஎஃப்களை வாங்குவதில் வரம்புத் தடை கிடையாது. ஆனால் அமெரிக்காவில் பதிவான இடிஎஃப்பை வெளிநாட்டவர் நேரடியாக வாங்கினால், ஈவுத்தொகையில் வரி பிடிப்பதோடு, அவர் இறந்தபின் அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் வாரிசுகள் அங்கே எஸ்டேட் வரி கட்ட வேண்டிவரும். அதனால் அதே குறியீட்டைப் பின்பற்றும், அயர்லாந்தில் பதிவான இடிஎஃப்களையே இங்கே பலரும் நாடுகிறோம். இந்தியாவிலிருந்து ரிசர்வ் வங்கி அனுமதித்த வழியில் நேரடியாகப் பணம் அனுப்பலாம் என்று யாராவது ஓசூர் நண்பருக்கு யோசனை சொன்னால், ஒரு லட்சம் ரூபாய்க்காக அந்தச் சிக்கலுக்குள் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பேரேடு:

ஒரு விஷயத்தைக் கேட்க மறந்துவிட்டேன். ஓசூர் நண்பரே, உங்கள் பிஎஃப் எவ்வளவு இருக்கிறது?

ஓசூர்க்காரன்:

7 லட்சத்துக்குச் சற்று மேல். அதையும் முதலீடாகக் கருத வேண்டுமா? சம்பளத்தில் பிடிப்பதால் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

பேரேடு:

கட்டாயம் கருத வேண்டும். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே சந்தையோடு சேர்ந்து ஆடாத பெரிய சொத்து அதுதான். 12 லட்சத்தோடு 7 லட்சத்தையும் சேர்த்தால் 19 லட்சம். அதில் வட்டி தரும், கடன் பத்திரம் சார்ந்த பகுதி 37 சதவீதம், இந்தியப் பங்கு 55 சதவீதம். செயலியில் தெரிந்த 88 சதவீதம் ஒரே நிமிடத்தில் 55 ஆகிவிட்டது. நீங்கள் நினைத்த அளவுக்கு நிலைமை மோசமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் முதல் பிஎஃப் நிறுவனமே புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை இடிஎஃப்களில் போடுகிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 15 சதவீதம் வரை உயர்த்தினார்கள். தேர்ந்தெடுத்து வாங்கிய ஏழு போதாதென்று, தெரியாமலேயே எட்டாவதும் உங்களிடம் இருந்திருக்கிறது. அதன் ஏற்ற இறக்கம் நேரடியாக உங்கள் கணக்கில் தெரியாது, அறிவித்த வட்டிதான் வரும்.

பழைய காசாளர்:

பேரேடு சொல்வதை முக்கால் பங்கு ஏற்கிறேன். பிஎஃப்பைக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அவசரத்துக்குக் கையை நீட்டினால் கிடைக்கும் பணமாக நினைக்கக் கூடாது. சந்தை விழும் காலத்தில்தான் வேலையும் போகும். 2020இல் என் மகனுக்கு நடந்தது. அன்று பிஎஃப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர், அதற்குள் வாடகைக்காக இடிஎஃப்பைப் பாதி விலைக்கு விற்றிருப்பார். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் வைப்புத்தொகையாக வைத்த பிறகு மற்றதைப் பேசுங்கள். பாரத் பாண்ட் போன்ற, முதிர்வுத் தேதி உள்ள கடன் பத்திர இடிஎஃப்களும் இருக்கின்றன. ஆனால் 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கியவற்றின் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுவதால், வைப்புத்தொகையைவிட வரியில் பெரிய சலுகை எதுவும் இல்லை.

பேரேடு:

பணத்தை இடம் மாற்றும்போது வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பங்கு இடிஎஃப்பை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஒரு நிதியாண்டில் ஒன்றே கால் லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். உங்கள் சென்செக்ஸ் இடிஎஃப்பில் ஓராண்டு கடந்த யூனிட்களை மட்டும் விற்றால் லாபம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அமெரிக்க இடிஎஃப்புக்கும் தங்க இடிஎஃப்புக்கும் இந்த ஒன்றே கால் லட்சச் சலுகை கிடையாது. மற்றவற்றை விற்க வேண்டாம். இனி வரும் மாதப் பணத்தை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே திருப்பிவிட்டாலே இரண்டு மூன்று ஆண்டுகளில் விகிதம் சரியாகிவிடும்.

ஓசூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் செய்தவற்றை எழுதிவிடுகிறேன். சென்செக்ஸ் இடிஎஃப்பில் ஓராண்டு கடந்த யூனிட்களை விற்று, ஐயா சொன்ன ஆறு மாதச் செலவுக்காக வங்கியில் போட்டுவிட்டேன். நான்கரை மாதத்துக்குத்தான் வந்தது, மிச்சத்தை மார்ச்சுக்குள் நிரப்ப வேண்டும். வங்கி, ஐடி இடிஎஃப்களில் இனிமேல் புதிதாக எதுவும் போடுவதில்லை. நிஃப்டிக்கான மாதப் பணத்தை வைகைக்கரை அவர்கள் சொன்னபடி இன்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றிவிட்டேன். அமெரிக்க இடிஎஃப்பை விற்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

தங்கம் மட்டும் மொத்தத்தில் மூன்று சதவீதம்கூட இல்லாததால், அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர மாதாமாதம் வாங்குவதாக இருக்கிறேன். இன்று மதிய உணவு இடைவேளையில் ஐ-என்ஏவியைப் பார்த்தேன். சந்தை விலை அதைவிட அரை சதவீதம் மேலே இருந்தது. ஐ-என்ஏவி விலைக்கே லிமிட் ஆர்டர் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மூன்றரை மணிக்கு எடுத்துப் பார்த்தபோது ஆர்டர் நிறைவேறாமல் ரத்தாகியிருந்தது. நாளை மறுபடி போடுகிறேன்.